டெல்மூராவுக்காக அரை நாள் லீவு

காரைக்குடியில் அரை நாள் லீவு கேட்க ஆயிரம் காரணம் சொல்லுவார்கள். காதுகுத்து, பால்காய்ச்சு, கேஸ் சிலிண்டர், ஊரிலிருந்து வரும் நாத்தனார். ஆனால் ஒரு கிரகம் வெடித்துப்போனதற்காக அரை நாள் லீவு போட்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே, ஏன், இந்த பூமியிலேயே எங்கள் பல்செட் அண்ணன் ஒருவர்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் காரைக்குடியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பெயர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, பயந்து போய் வருகிறவர்களிடம் "ஒண்ணுமே வலிக்காது" என்று கூசாமல் பொய் சொல்வது என் வேலை. கீழே டாக்டரம்மா பல்லைப் பிடுங்குவார். மாடியில் ஒரு சின்ன அறையில் பல்செட் அண்ணன், பிடுங்கிய இடத்துக்குப் புதுப் பல் செய்வார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவரையே அந்தப் பெயரில் கூப்பிட்டால் பின்னால் வேறு யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்.

நாற்பதை நெருங்கிய ஒல்லியான மனிதர். தலையில் நரை எது, மாவு எது என்று தெரியாது. பல்லுக்கு அச்சு எடுக்கும் வெள்ளை மாவு எப்போதும் அவர் மேல் படிந்திருக்கும். பேச்சு குறைவு. செய்கிற வேலையில் அப்படி ஒரு சுத்தம். எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்வார். ஒருவருக்கு வாயில் அச்சு எடுத்தால் அதை வைத்து இரண்டு மாவுத் தாடை வார்த்து, ஒன்றை அலமாரியில் பெயர் எழுதி வைத்துவிடுவார். காரைக்குடியில் பாதிப் பெரிய மனிதர்களின் தாடைகள் அந்த அலமாரியில் வரிசையாக வாய் பிளந்து கிடந்தன.

"எதுக்குண்ணே ரெண்டு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தொலைஞ்சு போறதுதான தங்கச்சி சாமானோட குணம்" என்றார்.

ஒருநாள் மத்தியானம் டாக்டரம்மா ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். லீவு லெட்டர். அதில் முத்து முத்தான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு, டெல்மூரா அழிந்துவிட்டதாக இன்று காலை செய்தி கிடைத்ததால் மனம் சரியில்லை. மதியத்துக்கு மேல் லீவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கமலா அம்மாளின் கீழ்வரிசை பாலிஷ் போட்டுத் தயாராக உள்ளது.'

"செல்வி, இந்த டெல்மூரா எங்குட்டு இருக்கு? தேவகோட்டைப் பக்கமா?"

"அண்ணனோட சொந்த ஊரா இருக்கும் டாக்டர்."

"ஊரே அழிஞ்சிருச்சுங்கிறார். டிவில ஒண்ணும் சொல்லலையே?"

மனசு கேட்காமல் லீவும் கொடுத்து, வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்று விசாரித்து வரும்படி என்னை மாடிக்கு அனுப்பினார்.

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து எதிரே இருந்த அலமாரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் ஒரு முழ உயரத்துக்கு நாலு பிளாஸ்டிக் ரோபோக்கள் நின்றன. துண்டு துண்டாக வரும் பாகங்களை நாமே மாட்டி ஆளாக்கிக்கொள்கிற பொம்மைகள். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, மண் நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. கையில் கோடரியும் ஈட்டியுமாக, பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் முட்டி மட்டும் எல்லாவற்றுக்கும் இளஞ்சிவப்பு. அந்த முட்டிக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அவர் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது சிங்கப்பூரில் வேலை பார்த்த தாய்மாமன் முதல் பெட்டியைக் கொண்டுவந்தாராம். கார்வாக்ஸ் என்று பெயர். மொத்தம் ஆறு வீரர்கள்; லீவுக்கு ஒருவராக இவருக்கு நாலு பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னப் படக்கதைப் புத்தகம் இருக்கும். டெல்மூரா என்கிற கிரகத்தில் சூரியன் மங்கிக்கொண்டே வருகிறது. மிச்சம் இருக்கிற வெளிச்சத்தைத் திருட ஒரு படை வருகிறது. ஆறு பேரும் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய கோட்டைக்கு ஓடுகிறார்கள். ஐந்து பேர் உள்ளே நுழைந்ததும் ஆறாவது ஆளான நோமார் வெளியே நின்று கதவைப் பூட்டிவிடுகிறான். எதிரிப் படை அவனைப் பார்த்து வருகிறது. கீழே 'தொடரும்' என்று போட்டிருக்கிறது.

தொடரவில்லை. கம்பெனி அந்தப் பொம்மைகளை நிறுத்திவிட்டது. அடுத்த லீவுக்கு வந்த மாமா, "கடைக்காரன் இனிமே அது வராதுங்கிறான்டா" என்று சொல்லி ஒரு அலாரம் கடிகாரத்தைக் கொடுத்தார். நாலு பொம்மையும் ஒரு அலாரமுமாக அண்ணன் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தார்.

அன்று காலையில், இவரைப் போன்றவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் பேசிக்கொள்கிற ஒரு இணையதளத்தில், தான் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் எழுதியிருக்கிறார். மிச்சக் கதையை எழுதி வைத்திருந்தார்களாம், அச்சுக்குத்தான் போகவில்லையாம். அதில் டெல்மூரா வெடித்துவிடுகிறதாம். ஒருவர் பாக்கியில்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீக. இது பொம்மைக் கதைதான?"

அவர் கோபப்படவில்லை. "நீ ராத்திரி சீரியல் பார்க்குறேல்ல?"

"ஆமா."

"நாளைக்குத் திடீர்னு நிறுத்திடுறாங்கன்னு வையி. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து, அதுல எல்லாரும் லாரி மோதிச் செத்துப் போயிட்டாகன்னு சொன்னா உனக்கு எப்புடி இருக்கும்?"

அந்த வாரம் எங்கள் சீரியலில் கதாநாயகியை ஜெயிலில் போட்டிருந்தார்கள். "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று இறங்கிவிட்டேன். கீழே வந்து, "தூரத்துச் சொந்தம் டாக்டர்" என்றேன். தூரம் என்பதில் பொய் இல்லை.

இப்போது முட்டிக்கு வருகிறேன். அந்த ரோபோக்களுக்கு முட்டிதான் பலவீனம். ஆறேழு வருஷத்தில் விரிசல் விட்டு உடைந்துவிடும். உலகம் பூராவும் கார்வாக்ஸ்காரர்கள் முட்டிக்கு அலைந்தார்கள். எங்கள் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் கடைகள் இருக்கிற தெருவில் அலைந்தார். பர்மா மரப்பெட்டி, எனாமல் தூக்கு, ரசம் போன கண்ணாடி என்று வெளியூர்க்காரர்கள் பேரம் பேசுகிற கடைகளில் போய் நின்று, "முட்டி இருக்காண்ணே?" என்பார். ஒரு கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்து, "முட்டிக்கு இங்க என்னப்பா இருக்கு? அமராவதிபுதூர்ல ஒருத்தர் எண்ணெய் போட்டு உருவி விடுறாரு. காலையில வெறும் வயித்தோட போங்க" என்று வழி சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறு அண்ணன் போனதும் உட்கார ஸ்டூலை எடுத்துப் போட்டார். அதற்கு அடுத்த ஞாயிறு, "இன்னமுமா விடலை?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

கடைசியில் அண்ணன் தாமே வார்த்துவிட்டார். கையில் இருந்தது பல்செட்டுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பவுடர். அதனால்தான் மகா வீரர்கள் எல்லோருக்கும் முட்டி மட்டும் கைக்குழந்தை ஈறு மாதிரி இருந்தது. ஆனால் என்ன உறுதி! முறுக்குக் கடிக்கவே செய்த சரக்கு அல்லவா? படத்தை இணையத்தில் போட்டதும் காரைக்குடி முட்டிக்கு வெளியூர்களில் கிராக்கி வந்துவிட்டது. யாராவது ஒரு உடைந்த வாளை அனுப்புவார்கள். இவர் பதிலுக்கு ஒரு முட்டி அனுப்புவார். கூரியர்காரர் வாரம் ஒருமுறை மாடி ஏறினார்.

அந்தக் கூரியரில்தான் வந்தது வினை.

கொத்தமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் செய்யக் கொடுத்திருந்தார். நாங்கள் அவரைக் கொத்தமங்கலத்தார் என்போம். மலேசியாவில் தொழில் செய்துவிட்டு ஊரோடு வந்தவர். முன்தெருவில் ஒரு வாசலும் பின்தெருவில் ஒரு வாசலுமாக நீண்ட பெரிய வீட்டில் மனைவி போன பிறகு தனியாக இருந்தார். ஒரே மகன் மெல்போர்னில். அமராவதிபுதூரில் அவருடைய பங்காளி வீட்டுக் கல்யாணம். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்கிற பொறுப்பு இவருக்கு. பல் இல்லாத வாய்க்கு 'வாங்க' என்ற சொல் வருவதாக இல்லை. 'ஃபாங்க, ஃபாங்க' என்று காற்றாகத்தான் வந்தது (அவர் பேச்சை நான் பல்லோடுதான் எழுதுகிறேன்). அதனால் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பல்லை மாட்டிக்கொள்ள வந்துவிட்டார்.

டாக்டரம்மா நாற்காலியைச் சாய்த்து, மேலே விளக்கைப் போட்டு, மாடியிலிருந்து வந்திருந்த சின்ன அட்டைப்பெட்டியைத் திறந்தார். பஞ்சு மெத்தையில் ஒரு ரோபோ கால் படுத்திருந்தது. கறுப்புக் கால். இளஞ்சிவப்பு முட்டி.

கொத்தமங்கலத்தார் எட்டிப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "டாக்டரம்மா, நான் கேட்டது பல்லு" என்றார்.

நான் கத்திய கத்தலில் அண்ணன் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். காலைப் பார்த்தார். மாவு பூசாத இடமும் வெளுத்துவிட்டது.

"இது முட்டி மாட்டிக் குவாஹாத்திக்குத் திரும்பிப் போக வேண்டியதுங்க."

"அப்ப என் பல்லு?"

"அது... குவாஹாத்திக்குப் போயிருச்சுங்க."

"எனக்கு எழுவது வயசாகுது. நானே அங்குட்டெல்லாம் போனதில்லையேப்பா!"

நான் கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டேன். காலை வண்டியில் மூட்டை போய்விட்டது என்றார்கள். டாக்டரம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. கோபம் வந்தால் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுவார். அன்று பத்து விரலையும் கழற்றி முடித்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இவுக வாயில பல்லு இருக்கணும். இல்லாட்டி நாளையிலேருந்து நீங்க மாடி ஏற வேண்டாம்."

சாதாரணமாக அது நாலைந்து நாள் வேலை. பதினாலு வருஷமாக அந்த மாடியில் இருக்கிற மனிதர். அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ரெண்டாவது தாடை இருக்கு." சொல்லிக்கொண்டே மேலே ஓடினார்.

கொத்தமங்கலத்தார் நாற்காலியை விட்டு எழுந்தார். "நானும் மேல போறேன். இந்தத் தடவை என் பல்லு என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

அன்று முழுக்க அவர் மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் காபியும் நொய்க்கஞ்சியுமாக ஏறி இறங்கினேன். அண்ணன் மாவுத் தாடையின் மேல் மெழுகை வளைத்து, ஒவ்வொரு பல்லாகச் சூடு பண்ணிப் பதித்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு முதலில் கோபம். பிறகு அலுப்பு. பதினோரு மணி வாக்கில் தட்டில் நிற்கிற நாலு பேர் மேல் கண் போனது.

"இவுகள்லாம் யாரு?"

யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று இருபத்தைந்து வருஷமாகக் காத்திருந்த கேள்வி அது. வேலையை விடாமலே அண்ணன் ஆரம்பித்தார். முன்பல் நாலும் பதிந்தபோது சூரியன் மங்கத் தொடங்கியது. கோரைப்பல் வந்தபோது எதிரிப் படை வந்தது. கடைவாய்ப் பல்லுக்கு வரும்போது ஐந்து பேரும் கோட்டைக்குள் ஓடிவிட்டார்கள், நோமார் கதவைப் பூட்டினான்.

"அப்பறம்?" என்றார் கொத்தமங்கலத்தார். பல்லில்லாத வாய் நன்றாகத் திறந்திருந்தது.

"அப்பறம் தொடரும்னு போட்டுட்டான்."

"சரி, தொடர்ந்துச்சா?"

"இல்லீங்க. நிறுத்திட்டான்."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்னப்பா நியாயம்? ஒருத்தன் வெளிய நிக்கிறான். கதவு பூட்டிக் கிடக்கு. கம்பெனிக்காரன் பாட்டுக்குக் கடையச் சாத்திட்டுப் போனா என்ன அர்த்தம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் கடையைச் சாத்தினேன் என்பது போல.

மெழுகெல்லாம் போய், ஈறுப் பவுடர் வார்த்து, அச்சு வெந்நீரில் வேகிற நேரம். அப்போது பெரியவர் மெதுவாகச் சொன்னார். "கோலாலம்பூர்ல இருக்கையில என் மகன் இந்த மாதிரிப் பெட்டியப் பார்த்தாக் கடை வாசல்லயே நின்னுருவான். நானும் வாங்கிக் கொடுத்துருவேன். வாங்கிக் கொடுத்ததோட சரி. இது என்னடா, யார்றா இவுகள்லாம்னு ஒருநா கேட்டதில்ல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பான்ல?"

"சொல்லியிருப்பாருங்க."

"அந்தப் பெட்டியெல்லாம் எங்க வீட்டு மேமாடி ரூம்லதான் பூட்டிக் கிடக்கு."

அண்ணன் கையிலிருந்த இடுக்கி நழுவி வெந்நீரில் விழுந்தது. அந்த மாடியில் அவர் கை நழுவிப் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

ஆறு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது பளபளவென்று பல் கீழே இறங்கியது. டாக்டரம்மா மாட்டினார். கடிக்கச் சொன்னார். இரண்டு இடத்தில் லேசாக ராவினார். "எங்க, வாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"வாங்க! வாங்க!"

கட்டடம் அதிர்ந்தது. வெளியே பெஞ்சில் இருந்த இரண்டு பேர், தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து உள்ளே வந்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்க்காமலே, "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருங்கண்ணே. கமலா அம்மா மேல்வரிசையும் வேணும்னு கேக்குறாக" என்றார்.

நாலைந்து நாளில் குவாஹாத்தியிலிருந்து படம் வந்தது. அந்த ஊர்க்காரர் தன் ரோபோவின் தலையில் கொத்தமங்கலத்தாரின் மேல்வரிசையைக் கிரீடமாக வைத்து, கீழ்வரிசையை இடுப்பில் கட்டி, 'அற்புதம்! இது எந்த வரிசையில் வந்த கவசம்?' என்று கேட்டிருந்தார். பல் திரும்பி வந்தது. பெரியவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். "ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு விசேஷத்துக்கு."

கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கொத்தமங்கலத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணன் அன்று சலவைச் சட்டை போட்டிருந்தார். தலையில் மாவு இல்லை. நிஜமாகவே கொஞ்சம் நரைதான் என்று அன்றுதான் தெரிந்தது.

சாப்பாட்டுக்கு முன்பே மாடிக்குப் போய்விட்டோம். பெரியவர் சாவிக்கொத்தில் ஏழு சாவி போட்டுப் பார்த்து எட்டாவதில் அறையைத் திறந்தார். ஜன்னலைத் தள்ளியதும் வெயில் விழுந்தது. கிரிக்கெட் மட்டை, பள்ளிக்கூடப் பை, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள்ளே வேட்டியில் சுற்றி வைத்த ஆறு பேர்.

ஆறு பேரும் முழுசாக. கடைசியில் கறுப்பாக, மற்ற எல்லோரையும் விட ஒரு தலை உயரமாக நோமார்.

அண்ணன் குதிப்பார், கத்துவார் என்று நான் நினைத்தேன். அவர் கீழே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். நோமாரைக் கையில் எடுக்கவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"படத்துல பார்த்ததை விட உயரமா இருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

"எடுத்துட்டுப் போப்பா. இங்க யாருக்கு?" என்றார் பெரியவர்.

"ஐயையோ, வேண்டாங்க. இது உங்க மகனோடது. அவுகள ஒரு வார்த்தை கேக்கணும்."

அப்பாவுக்கும் மகனுக்கும் ஞாயிறுதோறும் போன் பேச்சு உண்டு. 'சாப்டியா, சாப்டேன். மழையா, மழைதான். சரி வைக்கவா' என்று ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று பெரியவரே எங்களிடம் சொன்னார். அன்று நேரம் தவறி, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அழைத்ததும் மகன் மெய்யப்பன் பதறிவிட்டார்.

"என்ன அப்பச்சி? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லப்பா. உன் பொம்மைப் பெட்டியத் திறந்தோம். இந்த நோமார் இருக்கான்ல, கதவ வெளிய நின்னு பூட்டுனவன், அவனை ஒருத்தர் பார்க்க வந்திருக்காரு."

லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"அப்பச்சி, உங்களுக்கு நோமாரை எப்புடித் தெரியும்?"

"எல்லாந் தெரியும். அஞ்சு பேரக் காப்பாத்த ஒத்தையில நின்னவன்."

"காப்பாத்துனானா? அவன் துரோகி அப்பச்சி! வெளிய நின்னு பூட்டுனவன் எப்புடி நல்லவனா இருப்பான்?"

இதைக் கேட்டதும் என் பக்கத்தில் ஒரு பூகம்பம். ஒருநாளும் குரலை உயர்த்தி நான் பார்க்காத பல்செட் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "யாரு துரோகி? உள்ள இருந்து எப்புடிங்க பூட்டுறது? தாழ்ப்பா வெளியிலதான இருக்கு!"

"உள்ளயும் இருக்கும் சார்!"

"எங்க இருக்கு, காட்டுங்க! கடைசிப் புத்தகம், நாலாம் பக்கம், கீழ்ப் படம்!"

பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகரப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பது கதவு இருக்கிற வீட்டுக்காரர். தாழ்ப்பாள் விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

"மெய்யப்பா, வெளியிலதான்ப்பா இருக்கு. நம்ம நெல்லு ரூம் கதவு மாதிரி. அந்தப் பய பாவம், வேற வழியில்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மெல்போர்னில் குளிர் அதிகம் என்று மெய்யப்பன் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

அந்தப் போன் ஒரு மணி நேரம் ஓடியது. கீழே இலை போட்டுவிட்டுச் சமையல் ஆள் மூன்று தடவை வந்து கூப்பிட்டுப் போனார். நடுவில் அண்ணன் தயங்கித் தயங்கி, டெல்மூரா வெடித்துப்போன செய்தியைச் சொன்னார். மெய்யப்பனுக்கும் அது புதுசு. இரண்டு பேரும் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டார்கள். பெரியவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"யாரு சொன்னது வெடிச்சிருச்சுன்னு? கம்பெனிக்காரனா? அவன்தான் பாதியில விட்டுட்டுப் போயிட்டான்ல! விட்டுட்டுப் போனவனுக்கு அப்பறம் என்ன பேச்சு? கூட இருக்கிறவக சொல்றதுதான் கதை. எழுதுங்கப்பா மிச்சத்த!"

எழுதினார்கள். ஞாயிறுதோறும் மூன்று பேரும் போனில். அண்ணன் கதை எழுதுவார். மெய்யப்பன் படம் வரைந்து அனுப்புவார். பெரியவர் ஆட்சேபம் சொல்வார். ஐந்து பேரும் கோட்டைக்குள் தப்பித்ததைக் கொண்டாட ஒரு விருந்து வேண்டும் என்றார் பெரியவர்.

"மிஷினு சாப்பிடாது அப்பச்சி."

"சாப்பிடாம எப்புடிறா சண்டை போடும்?"

ஆக டெல்மூராவில் வெள்ளைப் பணியாரமும் கார சட்னியும் பரிமாறப்பட்டன. அந்தப் பகுதியை இணையத்தில் போட்டதும் குவாஹாத்திக்காரர், 'வெள்ளைப் பணியாரத்தின் சக்தி என்ன? அதைத் தின்றால் கவசம் கூடுமா?' என்று கேட்டிருந்தார். பெரியவர் யோசித்துவிட்டு, "கூடும்னு போடு" என்றார்.

நோமாரை எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் இரண்டு மாசம் இழுத்தது. பூட்டை உடைக்கலாம் என்றார் மெய்யப்பன். சாவி செய்யலாம் என்றார் அண்ணன். கடைசியில் பெரியவர் சொன்ன யோசனை நின்றது. பழைய கதவுகளின் சூட்சுமம் தச்சனுக்குத் தெரியுமாம்; தூக்கினால் கதவே, அது சுழல்கிற குடுமியிலிருந்து கழன்று வந்துவிடுமாம். உள்ளே இருந்த ஐந்து பேரும் சேர்ந்து கதவைத் தூக்கினார்கள். கோட்டை வாசல் திறந்தது. எதிரிப் படை அந்தக் கதவுக்கு அடியில் நசுங்கியது. ஓரமாக ஒதுங்கி நின்ற நோமார் உள்ளே வந்து பணியாரம் சாப்பிட்டான்.

அந்தப் பொங்கலுக்கு மெய்யப்பன் ஊருக்கு வந்தார். அதற்கு முன் வந்து ஆறு வருஷமாம். காரை விட்டு இறங்கி அப்பா காலில் விழுந்து எழுந்தவர், "சார் எங்க?" என்றார். நரைத்த மீசையும் தொந்தியுமாக ஒருவர், ஒல்லியாக ஒருவர். இருவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மண்டி போட்டுக் கோட்டை கட்டினார்கள். பழைய வீடு பார்க்கச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்த வழிகாட்டி இவர்களைத் தாண்டித் தாண்டிப் போனார். வந்தவர்கள் தூணைப் படம் எடுக்கவில்லை. இவர்களைத்தான் எடுத்தார்கள். வழிகாட்டியும் நாலு நாளில் பழகிக்கொண்டார். "இது பர்மாத் தேக்கு, இது இத்தாலி மார்பிள், இது டெல்மூரா" என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மெல்போர்னுக்குத் திரும்பும்போது மெய்யப்பன் நோமாரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, பார்த்துவிட்டு, பெரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இங்கயே இருக்கட்டும். நான் ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக்கிறேன்."

எடுத்துப்போய்விட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரக் காரணம் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவருக்கும் தெரிந்திருந்தது. வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எனக்குக் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டேன். போன மாதம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது சீப்புச் சீடையைக் கடித்ததில் என் மேல் பல்லில் பாதி உடைந்து கையோடு வந்துவிட்டது. பழைய ஆஸ்பத்திரிக்கே போனேன். வரவேற்பில் வேறு ஒரு பெண் "ஒண்ணுமே வலிக்காது" என்றாள்.

டாக்டரம்மா பல்லைச் சீர்செய்து அளவெடுத்தார். நிறம் பார்க்க அண்ணனே கீழே இறங்கி வந்தார். தலை இப்போது மாவு இல்லாமலே வெள்ளை. என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு நிறமாகப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதுவும் அவருக்குத் திருப்தியில்லை. "சும்மா வாயைத் திறந்தா ஒண்ணும் தெரியாது தங்கச்சி. கொஞ்சம் சிரி" என்றார். எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "ம், இந்த நிறந்தான்" என்று எழுதிக்கொண்டு மாடி ஏறிப் போனார்.

மூன்று நாளில் பல் வந்தது. எது என் பல், எது அவர் செய்தது என்று என் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் யாராவது போட்டோ எடுத்தால் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி நின்றுதான் சிரிக்கிறேன்.